ஹுப்ளியிலிருந்து ஒன்பது கணு

என் அம்மா வயதுக்காரியை 'அவள்' என்று எழுதுவது தப்புதான். ஆனால் ஆபீஸில் அவளோடு இருந்த காலம் முழுக்க வாயால் 'மேடம்' என்றும் மனசுக்குள் 'அவள்' என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மட்டும் திடீரென்று மரியாதை வந்துவிட்ட மாதிரி நடிக்க எனக்கு வராது. வாசல் செக்யூரிட்டியிலிருந்து மாடியில் இருக்கும் பெரிய அதிகாரி வரை எல்லாருக்கும் அவள் அக்கா. நான் ஒருத்திதான் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், பொறாமை.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் டிராவல் டெஸ்க் எங்களுடையது. கம்பெனி ஆட்களுக்கு விமான டிக்கெட், கார், தங்கும் அறை எல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கும் வேலை. நான் வாணியம்பாடியிலிருந்து வந்தவள். ஹெப்பகோடியில் ஒரு பிஜியில் மூன்று பேரோடு ஓர் அறை. டிராவல் டிப்ளமாவில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் என்று சொன்னால் தற்பெருமை ஆகிவிடும், ஆனால் வந்தேன். அவள் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். பியூசியோடு படிப்பு நின்றுபோனவள். ஆனால் யாருக்காவது ஒரு சின்ன ஊருக்குப் போகவேண்டுமென்றால் என் நாற்காலியைத் தாண்டி நேரே அவளிடம்தான் போய் நிற்பார்கள். கையில் டிப்ளமாவை வைத்துக்கொண்டு இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வயிறு எரியுமா எரியாதா?

அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. பெல்காமுக்கு ஒரு டிக்கெட் என்று யார் வந்து கேட்டாலும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவதற்கு முன்னால் கேட்பாள்: "சரி. அங்க எறங்க முடியலன்னா?"

மழை, மூடுபனி, ஓடுபாதையில் ஏதாவது கோளாறு என்று சின்ன விமான நிலையங்களில் இறங்க முடியாமல் விமானம் வேறு ஊருக்குத் திரும்புவது உண்டு. அதனால் அவள் மனசுக்குள் ஒவ்வொரு சின்ன ஊருக்கும் ஒரு ஜோடி ஊர் இருந்தது. பெல்காமுக்கு ஹுப்ளி. குல்பர்காவுக்கு பீதர். தூத்துக்குடிக்கு மதுரை. இந்த ஜோடிகளுக்கு நடுவே ரோட்டில் எவ்வளவு நேரம் என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கிலோமீட்டரில் சொல்ல மாட்டாள். "கிலோமீட்டர் யாருக்குப்பா வேணும், நேரத்தச் சொல்லு" என்பாள். நேரத்தையும் மணிக்கணக்கில் சொல்ல மாட்டாள். கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களையும் தொட்டுக்கொண்டே வருவாள். ஒரு கணு என்றால் கால் மணி நேரம். ஹுப்ளி ஏர்போர்ட்டிலிருந்து பெல்காம் ஏர்போர்ட்டுக்கு எட்டு கணு, மழைக்காலமானால் ஒன்பது. ஒரு கைக்குப் பன்னிரண்டு கணு, அதாவது மூன்று மணி நேரம். கணக்கு அதைத் தாண்டினால், "கை முடிஞ்சு போச்சுப்பா, நீ நேத்தே கெளம்பியிருக்கணும்" என்று சிரிப்பாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஃபேக்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அதிகாரி, குல்பர்காவில் காலையில் ஒரு வேலை, முடித்துவிட்டு பீதர் போகவேண்டும் என்றார். அவள் சாப்பிடப் போயிருந்தாள். ஆண்டவன் கொடுத்த வாய்ப்பு என்று நினைத்து நான் உட்கார்ந்தேன். இந்த ஏர்போர்ட்டையும் அந்த ஏர்போர்ட்டையும் போட்டேன். கம்ப்யூட்டர் அழகாக ஒரு வழி கொடுத்தது. குல்பர்காவிலிருந்து பெங்களூர், இரவு தங்கல், மறுநாள் பெங்களூரிலிருந்து பீதர். தங்குவதற்கு அறைகூடப் பார்த்து, பிரிண்ட் எடுத்து, கிளிப் போட்டு நீட்டினேன்.

அவர் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அதற்குள் அவள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். எட்டிப் பார்த்துவிட்டு ஒன்பது கணு எண்ணினாள். "கார்ல போனா ரெண்டே கால் மணி நேரம் சார். பக்கத்து ஊரு. மத்தியானச் சாப்பாட்டுக்கே போயிடலாம்."

பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரைச் சுற்றச் சொன்ன கதை ஒரு வாரம் கேன்டீனில் ஓடியது. என் மூக்கு உடைந்ததைவிட, அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இந்த நேரமெல்லாம் அவளுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று ஒற்றன் மாதிரி கவனித்தேன். பெரிய ரகசியமெல்லாம் இல்லை. செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு டீ வந்ததும் போனை எடுப்பாள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு டிரைவர். ஹுப்ளிக்காரரிடம் ரோடு எப்படி இருக்கிறது என்று கன்னடத்தில், "அண்ணா, ரோடு ஹேகிதே?" குல்பர்காக்காரரிடம் அதையே அவருடைய உருதுவில், "ரஸ்தா கைசா ஹை பாய்?" மதுரைக்காரரிடம் தமிழில் பத்து நிமிஷம், அதில் எட்டு நிமிஷம் அவருடைய மகளின் காலேஜ் சீட் பற்றி. பாலம் வேலை நடக்கிறதா, ரயில்வே கேட்டை எத்தனை மணிக்கு மூடுகிறான், சந்தை எந்தக் கிழமை, எல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும். டீ ஆறிப்போயிருக்கும். அதையும் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நானும் அந்த நம்பர்களுக்குப் பேசிப் பார்த்தேன். "ரோடு நல்லா இருக்கு மேடம்" என்பார்கள். அவ்வளவுதான். எல்லா ரோடும் எப்போதும் எனக்கு நல்லாத்தான் இருந்தது.

அவளுடைய கேள்வி விமானத்தோடு நிற்காது. லிஃப்டில் ஏறும்போது கேட்பாள், மழைக்கு நிற்க இடம் பார்க்கும்போது கேட்பாள். சிவாஜி நகரில் பஸ் மாறி, மேம்பாலத்தில் நின்று நின்று அவள் ஆபீஸ் வந்து சேர ஏழு கணு ஆகும். அதற்கும் இரண்டாவது வழி ஒன்று வைத்திருந்தாள். ஒருமுறை எங்கள் டெஸ்க்கில் இன்னொரு பெண் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினாள். இவள் அதை நன்றாகப் பார்த்து, "லட்சணமா இருக்காரு, நல்லா இருங்க" என்று வாழ்த்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் பேர்ல பேங்க்குல தனியா ஒரு கணக்கு இருக்கில்ல கண்ணு? எறங்க முடியலன்னா வேணும்" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. அபசகுனம் பிடித்தவள் என்று நான் அன்று பிஜியில் போய்ச் சொல்லித் தீர்த்தேன். ஆனால் படுத்த பிறகு, எனக்கென்று அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சில் இருக்கும் தொல்லையே அதுதான்.

ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் இரண்டாவது வழி பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "எங்கப்பா கார்ப்பரேஷன்ல வேல. எந்தத் தெருவு முழுகும்னு அவருக்கு முந்தின நாளே தெரியும். காலைல ஸ்கூலுக்குப் போறப்பவே திரும்பி வர வேற வழி சொல்லிதான் அனுப்புவாரு. பழக்கமாயிடுச்சு" என்றாள். பெரிய தத்துவம் எதையோ எதிர்பார்த்திருந்தேன். பழக்கமாம்.

அவளை எப்படியாவது முந்தவேண்டும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து எக்ஸெலில் ஒரு ஷீட் தயார் செய்தேன். தெற்கே இருக்கும் சின்ன விமான நிலையங்கள் அத்தனையும், ஒவ்வொன்றிலிருந்தும் மற்றதற்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், எல்லாம் கலர் கலராக. மேனேஜர் பார்த்து அசந்துபோனார். அந்தச் சமயம் டெஸ்க்குக்குத் தலைமையாக ஒரு லீட் போடப்போகிறார்கள், எங்களில் ஒருவர்தான் என்று பேச்சு இருந்தது. எனக்கு அந்த இடம் வேண்டும். பிஜியைவிட்டு ஒரு தனி வீட்டுக்குப் போகவேண்டும், வாணியம்பாடிக்குப் போன் போட்டு 'நான் லீட்' என்று சொல்லவேண்டும். எல்லாவற்றையும்விட, என் நாற்காலியைத் தாண்டிப் போகிறவர்கள் நின்று திரும்பவேண்டும்.

அவள் ஷீட்டை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தாள். "நல்லா பண்ணிருக்க கண்ணு. எனக்கு இந்த ஜென்மத்துல வராது" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அப்புறம், "இதுல மழ எங்க இருக்கு?" என்றாள்.

மேனேஜர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே அந்தக் கட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். யானைக்கும் அடி சறுக்கும், அன்று பார்த்துக்கொள்கிறேன் என்று நான் கறுவிக்கொண்டேன். அடி சறுக்கியது எனக்குத்தான்.

அது ஆவணி மாதம். சர்வர் ரூமில் வேலை பார்க்கும் பெல்காம்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், அவருடைய அக்கா மகளுக்கு அன்று சாயங்காலம் முகூர்த்தம். அவர் தாய்மாமன். அவர் கையைப் பிடித்துத்தான் பெண் மணமேடைக்கு வரவேண்டும். சர்வர் மாற்றும் வேலை இருந்ததால் அன்று காலைவரை அவரால் ஆபீஸைவிட்டு நகர முடியாது. மத்தியான விமானத்தில் அவருக்கு நான் முன்கூட்டியே டிக்கெட் போட்டிருந்தேன். அவள் அன்று லீவு. ரேஷன் கார்டில் பெயர் திருத்த ஏதோ ஆபீஸில் வரிசையில் நின்றிருந்தாள்.

முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது என் மேஜையில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். கன்னட மீடியத்தில் படித்தவள். தனக்கென்றால் தமிழைக்கூடக் கன்னட எழுத்தில்தான் எழுதுவாள். எனக்காகக் கோணல்மாணலாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள்: 'ஹுப்ளி கார் சொல்லி வை. பெட்டிய கையில வெச்சுக்கச் சொல்லிட்டேன்.'

நான் போட்ட டிக்கெட்டுக்கு இவள் யார் கார் சொல்ல? சீட்டைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஆத்திரத்தில் போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. குறி பார்த்துத்தான் போட்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவர் போன் வந்தது. பெல்காமில் பேய் மழை. விமானம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹுப்ளியில் வந்து இறங்கிவிட்டது. மழை விட்டால் மறுபடி கிளம்புமாம், விடாவிட்டால் பெங்களூருக்கே திரும்புமாம். பெட்டி கையில் உள்ளவர்கள் வேண்டுமானால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாமாம். "நான் எறங்கட்டுமா, உக்காரட்டுமா மேடம்?" என்று கேட்டார். பின்னால் யாரோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

என் ஷீட்டைத் திறந்தேன். ஹுப்ளி, பெல்காம், கிலோமீட்டர், நேரம், எல்லாம் பச்சைக் கலரில் இருந்தது. கார் இல்லை. போனில் தேடினால் அந்தப் பக்கம் ஒரு வண்டியும் காட்டவில்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக நானே அவளுக்குப் போன் செய்தேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நம்ம கார் நிக்குதில்ல?" என்றாள்.

"சொன்னேன் மேடம். டிரைவர் போன எடுக்கல."

'டோக்கன் நாப்பத்தி ரெண்டு' என்று கன்னடத்தில் யாரோ கத்துவது மட்டும் கேட்டது. அவளுடைய டிரைவர்கள் அவள் ஆபீஸ் போனை எடுக்காமல் இருக்கவே மாட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

"சரி" என்றாள். "அவர எறங்கச் சொல்லு. மணி ரெண்டு பத்து. வண்டி வர ரெண்டு கணு, ரோட்டுல ஒம்போது. அஞ்சுக்குள்ள போயிடுவாரு. நீ பயப்படாத."

ஐந்துக்கு முன்னாலேயே போய்விட்டார். விமானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்று சாயங்காலம் பெங்களூரில் வந்து இறங்கினார்கள்.

இரவு டிரைவர் அனுப்பிய டிரிப் ஷீட் என் போனுக்கு வந்தது. வண்டி சொன்ன நேரம், முந்தின நாள் மாலை ஐந்தரை. சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர். ஐந்தரைக்கு அவள் கிளம்பிப் போயிருந்தாள், டெஸ்க்கில் நான் மட்டும்தான் இருந்தேன். அதைக்கூட யோசித்து எழுதச் சொல்லியிருக்கிறாள். நான் சொன்ன பொய்க்கு அவள் முட்டுக்கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமை அந்தத் தாய்மாமன் கம்பெனி முழுக்க ஒரு மெயில் போட்டார். முந்தின நாளே ஹுப்ளியில் கார் சொல்லி வைத்த அந்தப் பெண்ணின் புத்திசாலித்தனம் என்று இரண்டு பத்தி. மணப்பெண்ணோடு அவர் நிற்கும் போட்டோவும் இருந்தது. மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் வாசித்தார். வாசித்து முடித்து, லீட் யார் என்றும் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அவள்தான் முதலில் தட்டினாள்.

நான் எழுந்து நின்று, 'இல்லை சார், அவங்கதான்' என்று சொல்லியிருக்கவேண்டும். மூன்றே வார்த்தை. தேங்க் யூ என்று சொன்னேன்.

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் எதையாவது திருப்பிச் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மறுநாள் டீ நேரத்தில் என் பக்கம் குனிந்து, "இனிமே அந்த டிரைவர் போன எடுக்கலன்னா சொல்லு கண்ணு, அவன் பொண்டாட்டி நம்பர் தர்றேன்" என்றாள். என்னை அதற்கு மேல் அவமானப்படுத்த ஒருத்தரால் முடியாது. அவளுக்கு அப்படி ஓர் எண்ணமே கிடையாது என்பதால் இன்னும் எரிந்தது.

அடுத்த வருஷமே அவள் வேலையை விட்டுப் போனாள். ஓர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ்களை அனுப்பிவைக்கும் வேலை, வீட்டிலிருந்து இரண்டு கணுதான் என்றாள். பிரிவு உபசாரத்துக்குக் கேக் வாங்கியது நான்தான், லீட் ஆயிற்றே. கடையில் 'அக்கா' என்று எழுதட்டுமா என்று கேட்டான். 'ஆல் தி பெஸ்ட்' மட்டும் போதும் என்றேன்.

அவள் போன பிறகு என் ஷீட்டில் மழைக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். ரயில்வே கேட்டுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று. செவ்வாய்க்கிழமை டீயை ஆறவிட்டு டிரைவர்களிடம் பேசவும் கற்றுக்கொண்டேன். டிக்கெட் கேட்டு வருகிறவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டேன். என்னை இப்போது ஆபீஸில் கெட்டிக்காரி என்கிறார்கள். யார் அப்படிச் சொன்னாலும் எனக்கு அவள்மேல்தான் கோபம் வருகிறது.

போன மாதம் பெல்காமில் எங்கள் கம்பெனியின் புது ஆபீஸ் திறந்தார்கள். பயணத் திட்டம் பற்றி அங்கே எல்லார் முன்னாலும் நான் பேசவேண்டும் என்றார்கள். என் ஷீட்டைப் பெரிய தாளில் கலரில் பிரிண்ட் எடுத்து, பட்டுப்புடவையோடு பெரிய பெட்டியில் வைத்தேன். காலை ஏர்போர்ட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து, 'பெல்காம் போகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். பெட்டியைக் கவுன்டரில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு ஏறினேன்.

பெல்காம் மேலே மூன்று சுற்று. கீழே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. பிறகு ஹுப்ளி.

சக்கரம் தரையைத் தொட்டு, போனை ஆன் செய்ததும் ஒரு கால் வந்தது. "மேடம், நான் வெளிய டீக்கடை கிட்ட நிக்கறேன். வெள்ள வண்டி" என்றார் ஹுப்ளி டிரைவர், கன்னடம் கலந்த தமிழில். யார் சொல்லி வந்தீர்கள் என்றேன். "அக்கா நிம்ம ஸ்டேட்டஸ் பாத்தாங்களாம். ஊருக்கெல்லாம் கார் சொல்லும், தனக்குச் சொல்லிக்காது, நீ போய் நில்லுன்னாங்க."

அப்போது அறிவிப்பு வந்தது. பெட்டி கையில் உள்ளவர்கள் இறங்கிக்கொள்ளலாம், மற்றவர்கள் வானிலை சரியாகும்வரை உட்கார்ந்திருக்கவேண்டும். முன்வரிசையில் ஐந்தாறு பேர் தோள்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். என் ஷீட், என் பட்டுப்புடவை, எல்லாம் விமானத்தின் வயிற்றில் இருந்தது. நான் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை அவள்.

"எறங்கிட்டியா கண்ணு?"

"எறங்கறேன் அக்கா" என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"பெட்டி கையிலதான?"

"கையிலதான் அக்கா."

தூரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் கிளம்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு 'டிரைவர் போன எடுக்கல' என்று நான் சொன்னபோது எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாளோ, அதே அளவுதான் இருக்கும்.

"சரி" என்றாள். "அப்ப டிரைவர வீட்டுக்குப் போவச் சொல்லிடறேன்."